பீஸை விட்டு வரியை எண்ணினோம்: ஒரு பனியன் குடோனின் ஒரு வருடம்

2024 தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது. அதற்கு முந்தைய நான்கு வாரமும் எங்கள் குடோனில் இரவு ஒன்பதரைக்கு முன்னால் விளக்கை அணைத்ததே இல்லை. திருப்பூரில், அனுப்பர்பாளையம் தாண்டி இருக்கிற ஒரு உள்நாட்டு பனியன் கம்பெனியில் டிஸ்பாட்ச் என் பொறுப்பு. பார்சல் சர்வீஸ்காரர்கள் மாலை ஏழு மணிக்கு மேல் சரக்கு வாங்க மாட்டார்கள். ஆறரை மணிக்கு வாசலில் பாதிப் பெட்டிகள்தான் வந்து சேர்ந்திருக்கும். மீதி மறுநாளைக்குத் தள்ளிப்போகும், மறுநாள் வேலை அதன் மேல் ஏறும். சரக்கு எடுக்க ஒன்பது பேர் இருந்தார்கள், பதினான்கு ஆக்கினோம். வேலை நகரவில்லை. ஒரே சந்துக்குள் நான்கு பேர் நின்றுகொண்டு, ஒருவர் எடுத்து முடிக்கும் வரை மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

முதலாளி இன்னொரு குடோன் வாடகைக்குப் பார்க்கச் சொன்னார். இடம் போதவில்லை என்பது அவருடைய எண்ணம். ஆட்கள் போதவில்லை என்பது சூப்பர்வைசரின் எண்ணம். இரண்டில் எது சரி என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் பொறுங்கள், கணக்கை எடுத்துப் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

பில் போடுகிற டேலி மென்பொருளிலிருந்து ஒரு முழு வருட பில் விவரத்தை எக்செல்லுக்கு எடுத்தோம். மூன்று மாதம் போதும் என்றுதான் கணக்காளர் சொன்னார். ஆனால் தீபாவளி, பொங்கல், ரம்ஜான், வட மாநிலங்களுக்குப் போகும் குளிர்கால தெர்மல் சரக்கு எல்லாம் ஒரு தடவையாவது கணக்குக்குள் வந்தாக வேண்டும். ஏறக்குறைய 5,70,000 வரிகள் வந்தன. எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைதான் இடம் என்பதால் ஒரே தாளில் அடங்கியது. கம்ப்யூட்டர்தான் திணறியது. மாதவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தோம்.

வரி என்று நான் சொல்வது, பில்லில் ஒரு அயிட்டத்துக்கு வருகிற ஒரு வரி. வெள்ளை ஆர்.என்.எஸ். (வட்டக் கழுத்து, கை வைத்த) பனியன், 90 சைஸ், ஆறு பெட்டி என்றால் அது ஒரு வரி. இரண்டு பெட்டி என்றாலும் ஒரு வரிதான். முதலாளிக்கு வரும் ரிப்போர்ட்டில் ரூபாயும் பீஸும் இருக்கும், இந்த எண்ணிக்கை இருக்காது. ஆனால் எடுக்கிற ஆள் ஒரு வரிக்கு ஒரு முறை நடந்து போகிறார், ஒரு முறை தேடுகிறார், ஒரு முறை கை நீட்டுகிறார். அவருடைய நாளை அளக்க எனக்கு அகப்பட்ட சரியான அளவுகோல் இதுதான்.

கணக்கைச் சுத்தம் செய்யவே இரண்டு வாரம் போனது. எம்.ஆர்.பி. மாறும்போதெல்லாம் அதே சரக்குக்குப் புது கோடு நம்பர் போட்டிருந்தார்கள். ஒரே ஜட்டி மூன்று பெயரில் மூன்று மெதுவான சரக்காகத் தெரிந்தது. சேர்த்த பிறகு அது முதல் இருபதுக்குள் வந்து உட்கார்ந்தது. கோடு நம்பர்களை இணைக்காமல் மேலே போயிருந்தால் அதைக் கடைசிச் சந்துக்கு அனுப்பியிருப்பேன்.

அதைவிடப் பெரிய தப்பைக் காட்டியது எங்கள் குடோனின் மூத்த லோடுமேன் அண்ணன். நாள்வாரியாகப் போட்ட அட்டவணையை அவரிடம் காட்டினேன். திங்கள் முதல் சனி வரை எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அம்மணி, நீங்க பில்லை மட்டும் பாக்கறீங்க. பில்லுல போனதுதான் இருக்குதுங்க. கேட்டது எங்கிருக்குது?” என்றார்.

எங்கள் இடத்தில் சரக்கு எடுத்து முடித்த பிறகுதான் பில் போடுவோம். அப்படியானால் பில் தேதி காட்டுவது எங்கள் கைத்திறனின் அளவை. வேலை எந்த நாளில் வந்தது என்பதை அது காட்டாது. திங்களன்று எவ்வளவு ஆர்டர் வந்தாலும் எங்களால் முடிந்ததுதான் திங்கள் பில்லாகும், மிச்சம் செவ்வாய், புதன் என்று பரவிவிடும். அதோடு, இருப்பு இல்லாத சைஸ் பில்லிலேயே வராது. ஏஜென்டுகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டர்களையும் ஆர்டர் புத்தகத்தையும் வைத்து மூன்று மாதத்துக்கு வந்த தேதியைத் திரும்ப ஏற்றினோம். நானும் பில் போடுகிற பெண்ணும் மாலை மாலை உட்கார்ந்து செய்த வேலை. நாளுக்குச் சராசரி 1,900 வரி. ஆனால் திங்கள் 3,100, செவ்வாய் 2,200, புதன் 1,700, வியாழன் 1,300, வெள்ளி 1,400, சனி 1,700. 1,900 வரி வருகிற நாள் என்று வாரத்தில் ஒன்றுகூட இல்லை. நாங்களோ அந்தச் சராசரிக்குத்தான் ஆள் வைத்திருந்தோம்.

அடுத்து நேரம். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எடுக்கிறவர்கள் பின்னாலேயே நடந்தேன். வேலையைச் சோதிப்பதாக நினைக்கக் கூடாது என்று எதற்காக அளக்கிறேன் என்பதை முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், யார் பெயரையும் எழுதவில்லை. ஒரு வரிக்குச் சராசரியாக 150 விநாடி. அதில் நடை 80, தேடுவது 25, எடுத்து எண்ணுவது 30, சீட்டில் குறிப்பது 15. பாதிக்கு மேல் நடை. குடோன் வேலையைப் பற்றிய பாடங்களிலும் நடைதான் பெரும்பங்கு என்று சொல்வார்கள். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் ஒரு நாள் முழுக்க நடக்கிறவரின் பின்னால் நடந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று அதுவரை நாங்கள் பேசிக்கொண்டது மிகவும் தவறு. அந்தக் கணக்கில் ஒரு ஆள் மணிக்கு 24 வரி எடுப்பார். டீ, சாப்பாடு, சரக்கு இறக்குகிற இடைஞ்சல் போக ஏழு மணி நேரத்தில் 168 வரி. திங்களுக்குப் பதினெட்டுப் பத்தொன்பது பேர் வேண்டும், வியாழனுக்கு எட்டு பேர் போதும்.

சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நடை ஏன் இவ்வளவு என்பது விளங்கியது. எங்களிடம் 1,840 அயிட்டம். அதில் 300 அயிட்டம் மட்டும் வரிகளில் நான்கில் மூன்று பங்கைப் பிடித்திருந்தது. அவை எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. வாசலை ஒட்டி நல்ல இடத்தில் இருந்ததோ தெர்மல். ரூபாய்க் கணக்கில் அது பெரிய சரக்கு, அதனால் முன்னால் வைத்திருக்கிறார்கள். பெட்டி பெரிது, இடத்தை அடைக்கும், வருடத்தில் நான்கு மாதம் தவிர அதைத் தொடுவதே இல்லை.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1963இல் ஜேம்ஸ் ஹெஸ்கெட் என்ற அமெரிக்கர் எழுதியது. ஒரு சரக்கு எவ்வளவு இடம் அடைக்கிறது, அதை எத்தனை முறை எடுக்கிறோம் என்று பார். முதலாவதை இரண்டாவதால் வகு. எதற்குக் குறைவாக வருகிறதோ அது வாசலுக்குப் பக்கம். சின்னப் பெட்டியில் அடிக்கடி போகிற ஜட்டி முன்னால் வந்துவிடும், தெர்மல் பின்னால் போய்விடும். எக்செல்லில் ஒரே ஒரு கட்டம் போதும். அடிக்கடி போகிற 85, 90, 95 சைஸ்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டில் வைத்தோம். 75, 110 மேலேயும் கீழேயும். ஐப்பசி மழையில் தரையோடு இருக்கிற அட்டைப்பெட்டி ஈரம் இழுத்து வெள்ளைப் பனியன் பழுப்பேறிய அனுபவம் இருந்ததால், கீழ்த் தட்டுக்கெல்லாம் மரப்பலகை கொடுத்தோம், வெள்ளையை அங்கே வைக்கவே இல்லை.

இட விஷயத்தில் எனக்கே ஆச்சரியம் காத்திருந்தது. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் அதன் உச்ச இருப்புக்குத் தனி இடம் ஒதுக்கினால் 9,400 அட்டைப்பெட்டிக்கு இடம் வேண்டும். எங்கள் ரேக்கில் 6,800தான் அடங்கும். அதனால்தான் இடமில்லை, இடமில்லை என்ற பேச்சு. ஆனால் எல்லா அயிட்டமும் ஒரே நாளில் உச்சத்துக்கு வராது. ஒன்று பாக்டரியிலிருந்து வந்து இறங்கும்போது இன்னொன்று தீர்ந்துகொண்டிருக்கும். நாள்வாரியாக மொத்த இருப்பைக் கூட்டிப் பார்த்தபோது வருடத்தின் அதிகபட்சம் 6,300. அதனால் முன் ரேக்கில் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இடம், மூன்று நாள் சரக்கு மட்டும். பின்னால் சேமிப்பில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. காலியாக இருக்கிற இடத்தில் வைத்து, வைத்த இடத்தின் எண்ணை எழுதிவிட வேண்டும். சந்து, ரேக், தட்டு மூன்றுக்கும் எண்கள்தான். எங்கள் ஆட்களில் தமிழ் படிப்பவர்கள், இந்தி படிப்பவர்கள், இரண்டும் படிக்காதவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எண் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு குடோன் வாடகைப் பேச்சு அதோடு நின்றது.

2025 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து ஆர்டர் மந்தமாக இருக்கிற பத்து நாளில் மாற்றினோம். மந்தமான நாட்கள் எவை என்பதையும் அதே கணக்கே சொன்னது. முதலில் நான் செய்த தவறு, வேகமான 300 அயிட்டத்தையும் வாசலை ஒட்டிய ஒரே சந்தில் அடுக்கியது. காகிதத்தில் நடை மிகக் குறைவு. திங்களன்று பத்து பேர் அந்த ஒரே சந்தில் முட்டிக்கொண்டார்கள். பழைய நெரிசல்தான், இடம் மட்டும் மாறியிருந்தது. அடுத்த ஞாயிறு அதைப் பிரித்து, வாசலுக்கு இரு பக்கமும் மூன்று சந்துகளின் முன்பகுதியில் பரப்பினோம். சேர்ந்தே போகிற சரக்குகளை, உதாரணமாக ஒரே பிராண்டின் ஆர்.என்.எஸ்., டிரங்க் இரண்டையும், ஒரே சந்தில் எதிரெதிராக வைத்தோம். முதல் மூன்று வாரம் வேகம் முன்பைவிடக் குறைந்தது, ஏனென்றால் எல்லோருக்கும் பழைய இடம் காலிலேயே பதிந்திருந்தது. அந்த மூன்று வாரம் முதலாளி பொறுத்துக்கொண்டதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆன்லைன் ஆர்டர்களைத் தனியாகப் பிரித்தோம். ஒரு கடைக்காரர் முப்பது நாற்பது வரி கேட்பார், ஆன்லைனில் ஒரு வரி, ஒரு பீஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை நடந்துகொண்டிருந்தோம். இப்போது முப்பது ஆர்டரைச் சேர்த்து ஒருவர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரே சுற்றில் எடுத்து வருகிறார், மேஜையில் இரண்டு பெண்கள் பிரித்து பேக் செய்கிறார்கள்.

மார்ச்சில் மறுபடி அளந்தேன். ஒரு வரிக்கு 102 விநாடி. நடை 45, தேடுவது 12. எண்ணுவதும் குறிப்பதும் மாறவில்லை. மணிக்கு 35 வரி, ஆளுக்கு நாளுக்கு 245. திங்களுக்கு 13 பேர் போதும், மற்ற நாட்களுக்குப் பத்துக்குள். நான்கு பேரைக் குறைக்கலாமே என்ற கேள்வி உடனே வந்தது. முன் ரேக்கை நிரப்புவது முன்பு இல்லாத புது வேலை, அதற்கு ஆள் வேண்டும் என்று எண்ணிக்கையோடு காட்டினேன். பத்து பேர் எடுக்கிறார்கள், நான்கு பேர் நிரப்பவும் இறக்கவும். திங்களன்று அந்த நால்வரில் மூவர் எடுக்க வந்துவிடுவார்கள். அதற்கான நிரப்பல் சனி மாலையே முடிந்திருக்கும். வியாழனில் ஸ்டாக் எண்ணுகிறோம். யாரையும் அனுப்பவில்லை. ஒன்றரை ஷிப்டு திங்களில் மட்டும், அதுவும் சீசனில்.

2025 தீபாவளிக்குத் திட்டம் போடும்போது இன்னொரு குழியில் விழப் பார்த்தோம். போன வருட அக்டோபரை இந்த வருட அக்டோபரோடு ஒப்பிட்டால் தப்பு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, பதினொரு நாள் முன்னால். அதனால் தீபாவளியை வைத்துப் பின்னோக்கி வாரம் எண்ணினேன். ரம்ஜானுக்கும் இப்படித்தான் எண்ண வேண்டும், அது வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். போன வருடம் உச்சம் தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன். இந்த முறை அது செப்டம்பர் 29இல் தொடங்கும் வாரம். அதே வாரத்தில் ஆயுத பூஜை அக்டோபர் 1, விஜயதசமி மறுநாள். ஆறு நாள் வேலையை நான்கு நாளில் முடிக்க வேண்டும். ஆவணியிலேயே ஏஜென்டுகளுக்கு இதைச் சொல்லி, பெரிய பார்ட்டிகளின் ஆர்டரை ஒரு வாரம் முன்னால் வாங்கினோம்.

வருகைப் பதிவையும் ஆர்டர் கணக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். பீகார் ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அவர்களுடைய பெரிய பண்டிகையான சட் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள், அது தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து. மதுரை, நெல்லைப் பக்கத்து ஆட்களும் அதே நாட்களில் கிளம்புவார்கள். போன வருடம் கடைசி வாரத்தில் பதினான்கு பேரில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். இந்த முறை அந்த ஒன்பதை வைத்தே அந்த வாரத்துக்கு வேலை ஒப்புக்கொண்டோம், லீவைச் செப்டம்பரிலேயே எழுதி வாங்கிவிட்டோம்.

அந்தச் சீசனில் இரண்டு நாள் மட்டும் பார்சல் நேரம் தவறியது. இரண்டும் ஆயுத பூஜைக்கு மறுவாரம், திங்களும் செவ்வாயும். மற்ற நாட்களில் எட்டு மணிக்குள் விளக்கு அணைந்தது.

லோடுமேன் அண்ணன் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கேட்டும் இல்லாமல் போன சைஸ், கலர், தேதி, எல்லாம் அவர் கையெழுத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இட வரிசையைத் திரும்பப் போடும்போது அந்த நோட்டையும் சேர்த்து ஏற்றுகிறோம். போன தடவை அதிலிருந்து தெரிந்தது, சிறுவர்களுக்கான கலர் பனியனில் ஒரே சைஸை இருநூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள், நாங்கள் கொடுக்கவில்லை. பாக்டரிக்கு எழுதியிருக்கிறேன்.