வண்டி எண் கேட்ட விண்ணப்பம்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிய பிறகும் எங்கள் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு ஒரு நாள்கூட மூடவில்லை. தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கிறேன். தினமும் காலையில் இயந்திரத்தைச் சரிபார்த்துத் தயாராக வைப்போம். பட்டியலில் பேர் இருக்கும், ஆள் வரமாட்டார்கள்.

நோயாளிகள் எங்கள் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு முறை, ஐந்து வாரத்தில் 25 முறை வைக்க வேண்டும். கூடவே வாரம் ஒரு கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து. பிறகு உள்கதிர்வீச்சு, அதாவது உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் நாள் விட்டுப்போனால் மிஞ்சியிருக்கும் புற்றணுக்கள் அந்த இடைவெளியில் பெருகத் தொடங்கிவிடும். அதனால்தான் வராதவர்களின் பேரைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குப் பதற்றமாக இருக்கும்.

வந்தவர்கள் யார் என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். சொந்தக் கார் உள்ளவர்கள், காருக்கு வாடகை கொடுக்க முடிந்தவர்கள் வந்தார்கள். கமுதி, முதுகுளத்தூர், திருச்சுழிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, கரண்ட் வைத்துக்கொண்டு மதியமே திரும்புகிறவர்கள் நின்றுபோனார்கள். தங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் எங்கள் படுக்கைகளில் பெரும்பகுதி கொரோனா வார்டுக்குப் போயிருந்தது. லாட்ஜுகள் மூடியிருந்தன. சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருந்தது, படுக்கத்தான் இடமில்லை.

மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவம் என்ற காரணங்களுக்குக் கொடுத்தார்கள். மருத்துவர் கடிதம் தரலாம், தந்தோம். ஆனால் விண்ணப்பத்தில் வண்டி எண் கேட்டார்கள். வண்டியே இல்லாதவர் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவார்? வீட்டில் ஸ்மார்ட்போன் கிடையாது, பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடக்கிறது. அனுமதி எல்லோருக்கும் பொது என்றார்கள். என் கண்ணுக்கு அது வண்டி வைத்திருந்தவர்களுக்கான அனுமதியாகத்தான் தெரிந்தது.

பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். "பஸ் எப்ப விடுவாங்க தம்பி?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சிலரது எண் கடைசிவரை எடுக்கவே இல்லை.

கமுதிப் பக்கத்து அம்மா ஒருவர் மூன்று வாரம் கழித்து வந்தார், காய்கறி ஏற்றிவந்த மினி லாரியில். எங்கே கதிர் விழ வேண்டும் என்பதற்கு வயிற்றிலும் இடுப்பின் இரு பக்கமும் மார்க்கரால் கோடு போட்டிருப்போம். அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவோம். மேசையில் படுக்கவைத்துப் பார்த்தால் நேற்றுப் போட்டதுபோல் கோடு அப்படியே இருந்தது. "பேத்தி ஸ்கெட்ச் பேனாவால மேலயே இழுத்துவிட்டா தம்பி. அழிஞ்சிருச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து வைக்கணும்னு சொல்லிருவீகளோன்னு பயம்" என்றார். அளந்து பார்த்ததில் கோடு சற்று விலகியிருந்தது, திருத்திப் போட்டோம். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக மருத்துவரும், கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளரும் கணக்குப் போட்டுச் சனிக்கிழமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று வார இடைவெளியை முழுசாகச் சரிக்கட்டும் கணக்கு எதுவும் கிடையாது. அந்த அம்மா தன் பங்குக்குச் செய்ய முடிந்த அத்தனையும் செய்திருந்தார்.

அந்த நாட்களில் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் மனைவியைச் சைக்கிளில் வைத்துப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதித்துக் கொண்டுபோய்ப் புற்றுநோய் சிகிச்சை பெற்றுக்கொடுத்த செய்தி வந்தது. ஜிப்மர் அவர்களை ஆம்புலன்ஸில் திருப்பி அனுப்பிவைத்தது. எல்லோரும் அதைக் காதல் கதையாகப் பகிர்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மிதிக்கத் தெம்பில்லாத கணவன்மார்களின் மனைவிகள் என் பட்டியலில் இருந்தார்கள்.

பிறகு லான்செட் ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை புதிய நோயாளிகள் பதிவு, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைந்திருந்தது. கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களில் குறைவு 23 சதவீதம்தான். புதியவர்களின் சரிவுதான் எனக்கு அதிக அச்சம் தந்தது. பாதியில் நின்றவரையாவது போனில் தேடலாம். கட்டி இருப்பதே இன்னும் தெரியாதவரை எந்தப் பட்டியலை வைத்துத் தேடுவது?

2021 மே மாதம் மறுபடியும் பஸ் நின்றது. இந்த முறை எங்கள் துறைத் தலைவர் முன்கூட்டியே போராடி, பயன்படாமல் கிடந்த ஒரு கூடத்தை வெளியூர்ப் பெண்கள் தங்குவதற்கு வாங்கினார். பாயும் மின்விசிறியும் கழிப்பறையும், அவ்வளவுதான் வசதி. அங்கே தங்கியவர்கள் யாருக்கும் கரண்ட் விட்டுப்போகவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் வேறு வேலைக்கு வேண்டும் என்று கூடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதுகுளத்தூர்க்காரர்கள் பழையபடி விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அந்தக் கூடத்தை நிரந்தரமாகத் தரச்சொல்லி நாங்கள் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.