வேலிக்குக் குழி தோண்டும் முன்: 811 அனுபவம்

நியூ ஜெர்சியில் தோட்டம் போடுகிறவர்களுக்கு மான் தொல்லையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போன கோடையில் அவரைக்கொடி பந்தலைத் தொடுவதற்கு முன்பே தின்று தீர்த்துவிட்டன. கத்தரியில் தண்டு மட்டும்தான் மிச்சம். அதனால் மண் உறைவதற்குள் பின்பக்கம் முழுக்க வேலி போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். டவுன்ஷிப் (உள்ளூராட்சி) பெர்மிட்டில் பெரிய சிரமம் இல்லை. வீடு வாங்கும்போது கொடுத்த சர்வே வரைபடத்தில் வேலி வரும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டினால் போதும். மரக் கம்பம், சிமென்ட், வாடகைக்கு ஆகர் (குழி துளைக்கும் மெஷின்) எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, 811 என்ற எண்ணைக் கூப்பிட்டு பூமிக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் வேலையில் இறங்கினேன். சொந்தமாக வேலி, டெக் போட நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

உதவிக்கு வந்த மச்சான் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நம்ம வீடு, நம்ம நிலம். நாலு குழி தோண்ட எவன்கிட்ட மாமா கேக்கணும்?" என்றான். ஊரில் கிணறு வெட்டும்போதுகூட யாரையும் கேட்டதில்லை என்பது அவன் வாதம். ஆனால் இங்கே நம் புல்வெளிக்கு அடியில் கேஸ், கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாமே ஓடுகிறது. கேஸ் கம்பெனி தெருவிலிருந்து வீட்டு மீட்டருக்குக் கொண்டுவரும் குழாய், விதிப்படி தனியார் நிலத்தில் ஓரடி ஆழத்தில் இருந்தாலே போதும். கேபிள் டிவி ஒயர் சில வீடுகளில் புல்வேருக்குக் கீழேயே கிடக்கும். வேலிக் கம்பத்துக்கோ பனியில் மண் உப்பித் தூக்காமல் இருக்க மூன்றடி வரை போக வேண்டும். ஆகர் அந்த முதல் அடியைக் கடக்கச் சில நொடிதான் ஆகும்.

தோண்டுவதற்கு முன் நிலத்தடி லைன்களைக் குறித்துத் தரச் சொல்லிக் கூப்பிட, அமெரிக்கா முழுக்க ஒரே எண், 811. 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த மாநிலத்திலிருந்து கூப்பிட்டாலும் அந்த மாநில மையத்துக்குப் போகும், வீட்டுக்காரருக்குக் காசு கிடையாது. விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வதெல்லாம் நியூ ஜெர்சிக் கணக்கு. இங்கே தோண்டுவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே சொல்ல வேண்டும். பத்து வேலை நாளுக்கு மேல் முன்கூட்டியும் சொல்லக் கூடாது. சனி, ஞாயிறு கணக்கில் வராது. வியாழக்கிழமை கூப்பிட்டுவிட்டு சனிக்கிழமை ஆகர் வாடகைக்கு எடுத்தால் வாடகை வீண். கையால் பாத்தி கொத்துவது, செடி நடுவது போன்ற வழக்கமான தோட்ட வேலைக்கு விலக்கு உண்டு. வேலிக் கம்பத்துக்கு இல்லை. தோண்டுவது என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் சட்டம் அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இந்தச் சட்டம் வந்த ஆண்டு 1994. அந்த ஆண்டு மார்ச் 23 அன்று, நள்ளிரவுக்குச் சற்று முன், எடிசன் என்ற ஊரில் என்ன நடந்தது என்று இங்கே பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது நமக்கு எடிசன் என்றால் ஓக் ட்ரீ ரோடு, மளிகைக் கடை, கோயில். அன்று டர்ஹாம் வுட்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் 36 அங்குல கேஸ் பைப்லைன் வெடித்து, தீ பல நூறு அடி உயரத்துக்கு எழுந்தது. எட்டுக் கட்டடங்கள் எரிந்துபோயின. மக்கள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். ஒரு பெண் மாரடைப்பில் இறந்தார். விசாரணையில் தெரியவந்தது: குழாயின் வெளிப்புறத்தில் ஏதோ இயந்திரம் முன்பு எப்போதோ போட்ட கீறல், அதிலிருந்து மெல்ல வளர்ந்த விரிசல். கீறிய அன்று ஒன்றும் ஆகவில்லை. மச்சானிடம் இதைச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, போன் பேச்சுக்கு வருகிறேன். முகவரி, பக்கத்துக் குறுக்குத் தெரு, என்ன வேலை, எவ்வளவு ஆழம், யார் தோண்டப் போகிறார்கள், எந்தத் தேதியில் ஆரம்பம் என்று வரிசையாகக் கேட்டார்கள். வீட்டின் எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "பேக்யார்ட்" என்று பொதுவாகச் சொன்னால் லைனைக் குறிக்க வருகிறவர் எங்கே தேடுவார்? நான் முன்பே கம்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் வெள்ளை ஸ்ப்ரே பெயின்டில் புள்ளி வைத்திருந்தேன். தோண்டப்போகும் இடத்துக்கு வெள்ளை என்பது நாடு முழுக்கப் பொது. அழைப்பு முடிந்ததும் என் கோரிக்கைக்கு ஒரு டிக்கெட் எண்ணும், எந்தெந்த நிறுவனங்களுக்குத் தகவல் போனது என்ற பட்டியலும் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு அதுதான் கைகொடுத்தது. வேலையைக் கான்ட்ராக்டரிடம் விடுவதாக இருந்தால் டிக்கெட்டை அவர் பெயரில் அவரே எடுக்க வேண்டும். "நீங்க கூப்பிட்டுடுங்க சார்" என்று உங்கள் தலையில் கட்டினால் விடாதீர்கள்.

811 மையம் யாரையும் அனுப்புவதில்லை; தகவலைக் கடத்துவதோடு அதன் வேலை முடிகிறது. வருவது ஒவ்வொரு நிறுவனத்தின் ஆட்கள், அல்லது அவர்கள் அமர்த்திய லொகேட்டர்கள் (லைன் போகும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறிப்பவர்கள்). நாம் வீட்டில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கேட் பூட்டாமலும் நாய் வெளியே இல்லாமலும் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் நான் கூடவே நின்று பார்த்தேன், அதில் தெரிந்துகொண்டது நிறைய.

கேஸ் லைனுக்கு வந்தது ஒரு இளைஞர். மீட்டருக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து மேலே வரும் குழாயோடு ஒரு மெல்லிய செம்பு ஒயர் சுற்றியிருந்தது. இத்தனை வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று யோசித்ததில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு வரும் கேஸ் குழாய் மஞ்சள் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்பதால், கருவியால் கண்டுபிடிப்பதற்கென்றே குழாயோடு இந்த ஒயரையும் புதைக்கிறார்கள். அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு கிளிப்பை அந்த ஒயரில் மாட்டினார், இன்னொன்றைத் தரையில் குத்திய இரும்புக் கம்பியில் மாட்டினார். பெட்டி ஒயருக்குள் ஒரு சிக்னல் அனுப்ப, கையில் பிடித்த நீளமான கருவியை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடந்தார். சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் மஞ்சள் பெயின்ட், இரண்டு எட்டு, மறுபடி மஞ்சள். தெருவிலிருந்து மீட்டருக்கு நேராக வரும் என்று நினைத்திருந்தேன். பாதி வழியில் அது வளைந்து, வேலிக்கு நான் வைத்திருந்த வெள்ளைப் புள்ளிகளில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே போனது.

எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "அதை நாங்கள் சொல்வதில்லை" என்றார். மீட்டர் வைத்த பிறகு யாராவது மண் கொட்டி மேடாக்கியிருக்கலாம், வெட்டி எடுத்திருக்கலாம். கருவி காட்டும் ஆழத்தை நம்பி யாரும் ஆகரை இறக்கக் கூடாது என்றார். நியாயமான பதில்.

நிறங்களைத் தெரிந்துகொண்டால் புல்வெளியைப் படித்துவிடலாம். மஞ்சள் கேஸ், சிவப்பு கரண்ட், ஆரஞ்சு போன், கேபிள், இன்டர்நெட். நீலம் குடிநீர், பச்சை சாக்கடை, ஊதா மறுசுழற்சித் தண்ணீரும் பாசனமும். கோட்டின் மேலேயேதான் லைன் இருக்கும் என்பதும் இல்லை. இங்கே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்குள் எந்த மெஷினும் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும்.

சொன்ன தேதி வந்தது. மஞ்சள் இருந்தது, சிவப்பு இருந்தது, நீலம் தெருவோர வால்வோடு நின்றிருந்தது. ஆரஞ்சு இல்லை. மச்சான் "லைன் இல்ல போல, ஆரம்பிச்சிடலாம்" என்றான். டிக்கெட் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. அவர்களிடமிருந்து போனும் இல்லை, மெயிலும் இல்லை. தங்கள் லைன் அங்கே இல்லை என்றால் அதையாவது சொல்ல வேண்டும், அதுதான் முறை. மையத்தைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு நிறுவனம் குறிக்கவில்லை என்று அதே டிக்கெட் எண்ணைச் சொன்னேன். அவர்கள் அதை மறுபடி அனுப்பினார்கள். அன்று வேலை நடக்கவில்லை, ஆகரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எரிச்சல்தான். ஆனால் பிறகு ஆள் வந்து குறித்தபோது ஆரஞ்சுக் கோடு பின்பக்கத்தில் குறுக்கே ஓடி, மூலைக் கம்பத்துக்கு வைத்திருந்த புள்ளியின் மேலேயே போனது. பெயின்ட் இல்லாவிட்டால் லைன் இல்லை என்று அர்த்தமில்லை. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில் வந்தாக வேண்டும்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். நிறுவனங்கள் தங்களுக்குச் சொந்தமானதை மட்டும்தான் குறிப்பார்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நம் சொத்து, அதை யாரும் வந்து காட்ட மாட்டார்கள். எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் பின்பக்க ஷெட்டுக்குக் கரண்ட் இழுத்திருந்தார். பேஷியோவில் கிரில்லுக்கு கேஸ் குழாய் போட்டிருந்தார். ஸ்ப்ரிங்க்ளரும் இருந்தது. இவற்றில் எதற்கும் காகிதம் கிடையாது. பேஸ்மென்ட்டில் போய் கேஸ் குழாய்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். ஒன்று வால்வோடு சுவரைத் துளைத்து வெளியே போனது, அதுதான் கிரில்லுக்குப் போவது. ஷெட்டுக்குப் போகும் ஒயர் வீட்டுச் சுவரில் எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது, ஷெட்டில் எங்கே ஏறுகிறது என்று பார்த்தேன். இரண்டையும் நேர்க்கோட்டால் சேர்த்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் கேஸ் லைனின் வளைவைப் பார்த்தபின் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. தனியார் லொகேட்டர் ஒருவரைக் காசு கொடுத்து அழைத்தேன். ஷெட் ஒயர் நடுவில் எதையோ சுற்றிக்கொண்டு போனதைக் கண்டுபிடித்தார். பழைய மரம் ஏதாவது நின்றிருக்க வேண்டும். இதற்குக் கொடுத்த காசைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தமில்லை.

சாக்கடை விஷயம் பலருக்குத் தெரியாது. நியூ ஜெர்சிச் சட்டத்தில் தானாகச் சரிந்து ஓடும் சாக்கடைக் குழாயும் மழைநீர் வடிகாலும் சேர்த்தியில்லை. அதனால் பச்சைக் கோட்டுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. டவுன்ஷிப் சாக்கடைப் பிரிவில் கேட்டேன். மெயின் லைன் தெருவில்தான், பின்பக்கம் எதுவும் இல்லை என்று வரைபடம் பார்த்துச் சொன்னார்கள். சில குடியிருப்புகளில் அது பின்பக்க எல்லையோரமாகப் போகும், வேலியும் அங்கேதான் வரும். கேட்காமல் இருக்காதீர்கள்.

தோண்டிய அன்று மஞ்சள் கோட்டுப் பக்கத்துக் குழியை மட்டும் முதலில் கையால் எடுத்தோம். எடிசன் பக்கத்துச் செம்மண்ணில் உடைந்த ஷேல் கல் கலந்திருக்கும், கடப்பாரையைத் தேடிக் கை போகும். கேஸ் லைனுக்குப் பக்கத்தில் கடப்பாரையும் வேண்டாம், பிக்காக்ஸும் வேண்டாம். முனை வளைந்த மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கியதும் மண்ணுக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. மீதியைக் கையுறை போட்ட விரலால் ஒதுக்கினேன். விரல் தடிமன்கூட இல்லாத ஒயர் ஒன்று அதை ஒட்டியே கிடந்தது. மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ மேலயா இருக்கு?" என்றான். மூடிவிட்டு, கம்பத்தை மூன்றடி தள்ளி நட்டோம். வேலியில் ஒரு பலகையின் அகலம் மற்றவற்றைவிடக் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். மூலைக் கம்பமும் ஆரஞ்சுக் கோட்டை விட்டு உள்ளே நகர்ந்தது. மற்ற இடங்களில் ஆகர் வேகமாக வேலையை முடித்தது.

ஒருவேளை மண்வெட்டி குழாயில் பட்டுவிட்டால்: கசிவு இல்லை, சின்னக் கீறல்தான் என்றாலும் கேஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கட்டும். டேப் சுற்றி மண்ணைப் போட்டு மூடாதீர்கள். வாடையோ சீறும் சத்தமோ வந்தால் மெஷினை அணைக்கக்கூட நிற்க வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய், அங்கிருந்து அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்கள். கார் ஸ்டார்ட் செய்யக் கூடாது, லைட் ஸ்விட்சைத் தொடக் கூடாது.

வேலை முடிந்ததும் எல்லா லைன்களையும் வீட்டுச் சுவரிலிருந்து டேப் வைத்து அளந்து, சர்வே வரைபடத்தின் நகலில் வரைந்து, பேஸ்மென்ட் பிரேக்கர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து இந்த வீட்டுக்கு வருகிறவருக்குப் பயன்படும். ஆனால் அது 811-க்கு மாற்று இல்லை. டிக்கெட் 45 வேலை நாளுக்குத்தான் செல்லும். பக்கவாட்டு கேட்டுக்கான இரண்டு கம்பங்களை வசந்தத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அதற்குள் பனியும் மழையும் பெயின்டை அழித்துவிடும், இடையில் புது லைன் ஏதாவது போட்டிருக்கவும் கூடும். அதனால் ஏப்ரலில் புதிதாக ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும். இந்த முறை கூப்பிடுவது தன் பொறுப்பு என்று மச்சான் சொல்லியிருக்கிறான்.