பெயர் எடுத்தல்

சிங்கப்பூரில், சீனத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாகப் படித்தவன் நான். மாண்டரினை எங்கள் அடுக்குமாடியின் கீழிருந்த காப்பிக்கடையிலும், பிறகு மாலை வகுப்புகளிலும் கற்றுக்கொண்டேன். வரிகள் பேச்சோடு பொருந்துகின்றனவா, முடிவில் ஓடும் பெயர்கள் பிழையின்றி இருக்கின்றனவா என்று பார்த்துக் குறை அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. விளக்கு பிடித்தவர், குதிரை பராமரித்தவர், ஒப்பனைப் பெட்டி சுமந்தவர் வரையிலான அந்த நீண்ட வரிசையைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் பெரும்பாலும் நானாகத்தான் இருந்திருப்பேன்.

2018ஆம் ஆண்டுவரை எங்கள் பில்களில் சில ஹோர்கோஸ் என்ற ஊரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. பெரிய படப்பிடிப்புத் தளங்கள் உள்ள ஊர் போலும் என்று நினைத்திருந்தேன். அத்தகைய ஊர் ஜெஜியாங் மாநிலத்திலுள்ள ஹெங்தியன் என்பதும், ஹோர்கோஸ் சிஞ்சியாங்கின் ஓரத்தில், கசகஸ்தான் எல்லையில், புதிய நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு வருமான வரி விலக்குத் தந்த இடம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. காமிரா எட்டிப் பார்க்காத ஊரில் படக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள் தொங்கின.

அந்த ஆண்டு மே மாதம், தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த சுய் யோங்யுவான் சில ஒப்பந்தத் தாள்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். யின்-யாங் ஒப்பந்தம் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சொல்: வரி அலுவலகத்துக்குக் காட்ட ஒன்று, உண்மையில் கைமாறும் பணத்துக்கு ஒன்று. ஊரில் மனை வாங்கிப் பத்திரம் பதிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனாவின் மிகப் பிரபலமான நடிகைகளில் ஒருவரான ஃபான் பிங்பிங் அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பொதுவெளியில் காணப்படவில்லை; எங்கே இருக்கிறார் என்று எந்த அலுவலகமும் சொல்லவில்லை. அக்டோபரில் கணக்கு வெளிவந்தது. ஒரு படத்துக்கு வாங்கிய 3 கோடி யுவானில் 1 கோடிக்கு மட்டுமே வரி கட்டப்பட்டிருந்தது. அவரும் அவருடைய நிறுவனங்களும் செலுத்த வேண்டிய வரியும் அபராதமும் சேர்ந்து 88 கோடி யுவானைத் தாண்டின. அவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வெளியிட்டார். தொழிலில் இருந்தவர்களை அஞ்ச வைத்தது அந்தத் தொகையைவிட அந்த மூன்று மாத மௌனம்தான் என்பது என் எண்ணம். நாங்கள் பில் அனுப்பும் முகவரிகள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியதும் அப்போதுதான்.

பயம் பரவியது உண்மை. வழக்கம் மாறியதா என்பது வேறு கேள்வி. அடுத்த ஆண்டே நடிகை ஜெங் ஷுவாங் ஒரு தொடருக்கு 16 கோடி யுவான் பேசியிருந்ததும், அதில் பெரும்பகுதி வேறு பெயரில் கைமாறியதும் 2021இல் வெளிப்பட்டன, 29.9 கோடி யுவான் வரியும் அபராதமும் விதிக்கப்பட்டன. படப்பிடிப்பு நடந்த 77 நாட்களால் அந்தச் சம்பளத்தை வகுத்தவர்கள், ஒரு நாளுக்கு வந்த 20.8 லட்சம் யுவானுக்கு ‘ஒரு ஷுவாங்’ என்று பெயரிட்டு, தாங்கள் எத்தனை ஆண்டு உழைத்தால் ஒரு ஷுவாங் தேறும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தார்கள். அவ்வளவு கசப்பான சிரிப்பை நான் அதிகம் கேட்டதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நடிகை ஜாவோ வெய்யின் பெயர் முன்னணி வீடியோ தளங்களின் நடிகர் பட்டியல்களிலிருந்து நீங்கியது. 1998இல் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்த அரண்மனைத் தொடரின் பட்டியலிலும் அவர் இல்லை. காரணம் அறிவிக்கப்படவில்லை. தமிழில் பெயர் எடுப்பது என்றால் புகழ் பெறுவது; என் மேசையில் அந்தச் சொல் நேர்ப்பொருளில் வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த மின்னஞ்சல்கள் ஒற்றை வரியில் இருந்தன: இன்ன பெயரை எடுத்துவிடவும், இன்று மாலைக்குள். ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சீன ரசிகர்கள் ஒரு நட்சத்திரம் அவதூறில் வீழ்வதை ‘வீடு இடிந்தது’ என்பார்கள். இடிபாட்டுக்குள் இருப்பவர் ஒருவர் மட்டுமல்ல என்பதை ஹெங்தியனில் படத்தொகுப்பு உதவியாளராக இருந்த ஒரு பெண் எனக்குப் புரிய வைத்தார். அத்தொழிலின் மரியாதைப்படி அவர் என்னை ‘லாவ்ஷி’, அதாவது ஆசிரியர், என்று அழைப்பார். நானும் அவரை அப்படியே அழைப்பேன். பதினொரு மாதம் அவர் உழைத்த தொடர், கதாநாயகியின் வீடு இடிந்ததால் கிடப்பில் போடப்பட்டது. சம்பளத்தின் கடைசித் தவணை ஒளிபரப்பானால்தான் கைக்கு வரும். “லாவ்ஷி, என் பெயர் யார் கண்ணிலும் பட்டதில்லை, ஆனால் அதுவும் சேர்ந்தே போய்விட்டது” என்று எழுதினார். வரி ஏய்த்தவர்கள் கட்டட்டும் என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தைப் பேசி முடித்த தயாரிப்பாளரும், அந்த முகத்தை விற்ற தளமும் அடுத்த தொடருக்குப் போய்விட, கிடப்பில் கிடந்தது இவருடைய பதினொரு மாதம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தொடர் வேறு தலைப்பில் என்னிடம் வந்தது. இதற்கு அங்கே ‘தலை மாற்றுவது’ என்று பெயர்: பழைய நடிகையின் உடல்மீது புதியவரின் முகத்தைக் கணினியில் பொருத்தியிருந்தார்கள். கழுத்து திரும்பும்போது மட்டும் தாடை அரைக்கணம் பின்தங்கியது. முடிவில் ஓடிய பெயர்களைச் சுருக்கிவிட்டிருந்தார்கள்; லாவ்ஷியின் பெயரைத் தேடினேன், இல்லை.

இருபத்து மூன்றாம் பாகத்தில் கதாநாயகி வெண்கலக் கண்ணாடிமுன் அமர்ந்து கொண்டை அவிழ்க்கும் காட்சி ஒன்று உண்டு. வெளியே இருந்தது புது முகம். கண்ணாடிக்குள், யாரும் கவனிக்காமல் விட்ட பதினொரு பிரேம்களுக்குப் பழைய முகம் இருந்தது. நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நேரக்குறியீட்டைக் குறித்து, குறை அறிக்கையில் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்த திருத்திய கோப்பில் கண்ணாடியை மங்கலாக்கியிருந்தார்கள். சரி என்று கையொப்பமிட்டேன்.