தங்கூசியும் ஐஸ்கட்டியும்

ஜூன் 12, வியாழன்

நேற்று ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. அப்பா பால் வெட்டப் போகவில்லை. போனாலும் சிரட்டையில் தண்ணீர்தான் நிறைந்து கிடக்கும். குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர் வீட்டுக்கு மழைநாள் என்றால் கட்டஞ்சாயா இரண்டு தடவை கூடுதல், புலம்பல் நாலு தடவை கூடுதல். பழைய மாத நாவல்களை மறுபடியும் புரட்டிவிட்டு, நானும் தம்பியும் ‘டிடெக்டிவ் கானன்’ என்கிற ஜப்பான் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அப்பா வந்து உட்கார்ந்தார்.

தம்பியின் போனில் ஒரு பட்டியல் உண்டு. எது மங்காவில், அதாவது மூலப் படக்கதையில், வந்த கதை, எது டிவிக்காரர்கள் தாங்களாகச் சேர்த்த ஃபில்லர் என்று எண் எண்ணாகப் பிரித்திருக்கும். “அக்கா, 1,100 எபிசோடுக்கு மேல கெடக்கு. ஒண்ணுக்கு 24 நிமிஷம்னு வச்சாலும் 440 மணி நேரம். பத்துக்கு நாலு ஃபில்லர். அத விட்டாத்தான் நாம கரையேற முடியும்.”

கணக்கு சரிதான். ஆனாலும் கரையேறுகிற அவசரம் அவனுக்கு எதற்கென்றுதான் விளங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அப்பாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடாது. நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். டிஎன்பிஎஸ்சி புத்தகம் மூடியே கிடக்கிறது.

முதல் எபிசோடிலிருந்து சொன்னேன். ஷினிச்சி பள்ளிக்கூடம் படிக்கிற துப்பறிவாளன், கறுப்பு உடுப்புக்காரர்கள் விஷ மாத்திரை கொடுக்கிறார்கள், சாகாமல் சின்னப் பையனாகிவிடுகிறான், கானன் என்று பேரை மாற்றிக்கொண்டு அவர்களைத் தேடுகிறான்.

“பொறவு எப்பம் பெரிசாவான்?”

“1996-ல இருந்து ஓடுது. இன்னும் ஆவல்லப்பா.”

“அப்பம் அவனுக கதய நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுங்க. எனக்கு இன்னைக்கே முடியது ஒண்ணு போடு மக்கா.”

இன்றைக்கே முடிகிறது என்றால் பெரும்பாலும் ஃபில்லர்தான். தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பிணம், மூன்று பேர் மேல் சந்தேகம், அதில் ஒருத்தி சொல்லும் பொய். பாதியிலேயே அப்பா ஆளைச் சொல்லிவிட்டார். “அவதான், கேட்டியா. செத்தவன்கிட்ட ஓடுனா, ஆனா தொடல்ல.” சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, கானன் கைக்கடிகாரத்து மயக்க ஊசியைத் துப்பறிவாளர் கொகோரோ மேல் குறிவைத்தபோது, கரண்டு போனது.

ஜூன் 14, சனி

ஃபில்லர் என்றாலே கழிவு மாதிரி பேசுகிறார்கள். காரணம் எளிது. கோஷோ அவோயாமா 1994-லிருந்து மங்காவை வாராவாரப் பத்திரிகையில் வரைகிறார், இடையிடையே விடுப்பும் எடுக்கிறார். டிவியோ வாரம் தவறக் கூடாது. அவர் வரைகிற வேகத்தை டிவி முந்தாமல் இருக்க, நடுவில் சொந்தமாக வழக்குகளை எழுதிச் சேர்க்கிறார்கள்.

தம்பிக்குப் பிடித்தது தகாகி–சாதோ என்கிற போலீஸ் ஜோடியின் காதல். இன்றைக்கு அவனிடம் சொன்னேன்: உன் தகாகி அவோயாமா உண்டாக்கின ஆள் இல்லை. அனிமேயில் பேரில்லாமல் நின்ற ஒரு போலீஸ்காரர். குரல் கொடுத்தவர் வதாரு தகாகி, பேர் சொல்ல வேண்டிய இடத்தில் தன் பேரையே சொல்லிவிட்டார். பிறகுதான் அவோயாமா அவரை மங்காவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஷிராதோரி என்கிற இன்னொரு போலீஸ்காரரும் அப்படித்தான், 1997-ல் வந்த முதல் சினிமாவிலிருந்து உள்ளே போனவர்.

போனை நோண்டினான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அது பழைய காலம்” என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். இன்றைக்குப் பார்த்தது படுமோசம். கொலைகாரன் தங்கூசி நூலைக் கட்டி, ஐஸ் உருகி, கதவு தானாகப் பூட்டி... அப்பா பொறுமை இழந்தார். “தங்கூசியும் ஐஸ்கட்டியும் இல்லேன்னா இவனுகளுக்குக் கொல செய்யத் தெரியாதா?”

தம்பிக்குக் கொண்டாட்டம். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபில்லரில் எல்லாரும் தொடங்கின இடத்துக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும். ஷினிச்சியின் தோழி ரானுக்குக் கானன் மேல் புதிதாகச் சந்தேகம் வரக்கூடாது. கானன் மாதிரியே சின்னவளாகிப்போன ஹைபரா மனதில் இருப்பதைப் புதிதாகச் சொல்லிவிடக்கூடாது. இவர்களுக்காகப் பார்க்கிறவன் அங்கே பட்டினிதான். ஹைபரா வருகிற 129-ஆம் எபிசோடு வரைக்கும் பட்டியலை வைத்துத் தாண்டிக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறிக்க மாட்டேன். அதற்குமேல் அப்பா மாதிரி, மழைக்கு ஒன்று என்று பார்த்தால் போதும். ஒரே மூச்சில் பத்து பார்த்தால் எந்தக் கொலையும் சலிக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

மழை வெறித்துவிட்டது. நேற்று ராத்திரி போட்டது இரண்டு பாகக் கதை. பட்டியலில் ஃபில்லர் என்றுதான் இருந்தது. எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் தம்பிதான் சப்டைட்டிலை வாசித்துச் சொன்னான், முதலில் முனகலாக, பிறகு குரல் மாற்றி. முதல் பாகம் முடிந்ததும் அப்பா தூங்கப் போய்விட்டார்.

விடியுமுன் நாலு மணிக்கு ஹெட்லைட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

“லேய், ரெண்டாவத நான் வராம பாத்திராத. ஆளு அந்தச் சமையல்காரன்தான்.”

போர்வைக்குள்ளிருந்து தம்பி சொன்னான்: “இல்லப்பா, தங்கச்சிக்காரி.”