மூன்றாவது குட்டி

"தாய் வரல்லேன்னா? நாய் இழுத்துட்டுப் போனா யாரு பாக்கது?" அந்தத் தன்னார்வலப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தும் குட்டிகளைத் திரும்ப வைக்கத்தான் சொன்னேன்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஓடு மாற்றும்போது அகப்பட்டவை, பூனை போன்ற இரவு விலங்கான மரநாயின் குட்டிகள். வனத்துறைக்குத் தகவல் போய்விட்டது. மூன்றில் இரண்டு வயிறு நிறைந்து கதகதப்பாகக் கிடந்தன; தாய் கைவிட்ட குட்டி அப்படி இருக்காது. பழந்துணி விரித்த கூடையில், நாய்க்கு எட்டாத உயரத்தில், எடுத்த இடத்தருகிலேயே அந்தியில் வைத்தோம். டார்ச் அடிக்கக் கூடாது, தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. தாய் வந்து இரண்டையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது.

மூன்றாவது சில்லிட்டிருந்தது. சில்லிட்டதைத் தாய் ஒதுக்கிவிடுவதுண்டு என்பதால் அதை மட்டும் வைக்கவில்லை.

சூடேறும்முன் வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் இயங்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும், சூடு கூடினால் குட்டி விலகிக்கொள்ள. பிறகு இளஞ்சூட்டில் ஓஆர்எஸ், அதன்பிறகே பால். பசும்பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிக்கான பால்பொடிதான் நல்லது. 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில், குப்புறப் படுத்த வாக்கில் சொட்டுச் சொட்டாக. கைக்குழந்தைபோல் மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கும். மூக்கில் குமிழ் கண்டால் நிறுத்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். ஊட்டி முடித்து ஈரப்பஞ்சால் அடியில் தடவினால்தான் சிறுநீர் போகும்.

அத்தனையும் அந்தப் பெண்ணே செய்தார். வேறு கை படக் கூடாது என்றது நான்தான். குட்டி பிழைத்தது, பப்பாளி தின்கிறது, கூட்டுக்குள்ளேயே மரமேறுகிறது. அவர் குரல் கேட்டால் இறங்கியும் வருகிறது. "அன்னைக்கு இதையும் வச்சிருந்தா காட்டுல வளந்திருக்கும்லா?" என்று இப்போது அவரே கேட்கிறார். செத்தும் போயிருக்கலாம். ஆனால் சூடேற்றி மறுநாள் அந்தியில் வைத்துப் பார்த்திருக்கலாம் என்பதும் சரிதான். அன்று கொட்டிய மழையைக் காரணம் சொல்கிறேன். அது முழுக் காரணமா என்று தெரியவில்லை. புதிதாக வருபவர்களிடம் இன்றைக்கும் அதே விதியைத்தான் சொல்கிறேன்: சூடுள்ளது தாய்க்கு, சில்லிட்டது நமக்கு.

இனி தீனி வைக்க அவர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். இருட்டிய பிறகு, ஆள் மாற்றி, பேச்சில்லாமல் பழம் வைக்கிறோம். மனிதக் குரலுக்கு ஒளியப் பழகும்வரை கூட்டுக் கதவைத் திறப்பதாக இல்லை.