நாயின் சட்டிக்குள் போன லீக்ஸ்

கந்தப்பளைப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் வீட்டில் லீக்ஸின் முற்றிய வெளி இலைகளை எறிவதில்லை. அவற்றைக் கழுவி நறுக்கி, குறுணல் அரிசியோடு வேகவைத்து, எங்கள் நாய் மணிக்குப் போடுவது பல வருடப் பழக்கமாக இருந்தது. மரக்கறி கலந்த சோறு அதன் உடம்புக்கு நல்லது என்றே அம்மாவும் நானும் நம்பியிருந்தோம்.

சென்ற மழைக்காலத்தில் லீக்ஸ் விலை விழுந்தபோது விற்காத கட்டுகளும் அந்தச் சட்டிக்குள் போயின. சில நாட்களில் மணி படுத்த இடத்தை விட்டு எழவில்லை. அதன் ஈறு வெளுத்து, சிறுநீர் சாயத் தேநீரின் நிறத்தில் போனது. மிருக வைத்தியர் ஊசியை எடுப்பதற்கு முன்பே, என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலிலேயே நோயின் காரணம் இருந்தது.

பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் ஆகியவை எல்லாம் ஒரே இனத்துப் பயிர்கள். அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரையிலான வெங்காயமே இரத்தத்தைப் பாதிக்கப் போதும் என்பதால், மணியைப் போன்ற 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது ஒன்றிரண்டு பெரிய வெங்காயமே ஆபத்தாகிவிடும். சிறிது சிறிதாகத் தினமும் கொடுத்தாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். அறிகுறிகளும் சில நாட்கள் கழித்தே தெரிவதால், தின்றதையும் நோயையும் நாம் இணைத்துப் பார்ப்பதில்லை. எங்கள் வீடுகளில் பருப்பும் சம்பலும் மீன்கறியும் வெங்காயம் இல்லாமல் ஆவதில்லை என்பதை நினைத்தால், நாய்க்கு மிச்சக் கறியைப் பிசைந்து வைப்பதே எனக்கு இன்று பயமாக இருக்கிறது.

சாக்லேட்டும், பிளம்ஸ் என்று கடையில் கேட்டு வாங்கும் உலர்ந்த திராட்சையும், பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் ஆகாது. தேயிலைச் சக்கையில் கஃபீன் மிஞ்சியிருப்பதால் அதையும் நாய்க்கு எட்டும்படி கொட்டக்கூடாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

நஞ்சை விலக்கிவிட்டாலே உணவு சரியாகிவிடாது. வளர்ந்த நாயின் உணவில் நீர் நீங்கிய எடையில் குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். அரிசியில் அதில் பாதிகூட இல்லை. சோற்றை நாயால் செரிக்க முடியும், ஆனால் சோறு மட்டும் அதைத் தாங்காது. ஆகவே நீரில் நன்றாக ஊறவைத்து உப்பு நீக்கிய நெத்தலிக் கருவாடு, அவித்த முட்டை, தோல் நீக்கிய கோழி இறைச்சி, எப்போதாவது கொஞ்சம் ஈரல் என்று மாற்றி மாற்றிச் சேர்க்கிறோம். கரட், போஞ்சி, பூசணி ஆகியவற்றை மசித்துப் போடலாம். பலரும் மறந்துவிடுவது கல்சியத்தை. இறைச்சியும் சோறும் அதைப் போதிய அளவு தருவதில்லை. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 மில்லிகிராம் தேவைப்படுகிறது. முட்டைக்கோதை அவித்து உலர்த்தி மாவாக இடித்தால், அரைத் தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கிடைக்கும். எலும்பு வளரும் பருவத்துக் குட்டிகளுக்கு மட்டும் இப்படிக் கணக்குப் போட்டுச் சமைக்க நான் துணியமாட்டேன். அவற்றுக்கென விற்கும் உணவைக் கொடுப்பதே பாதுகாப்பு.

மணிக்கு இரத்தம் ஏற்றும் நிலை வரவில்லை. மூன்று வாரத்தில் அதன் ஈறு மீண்டும் சிவந்தது. இப்போது அம்மா பருப்பு வெந்ததும், உப்பும் வெங்காயமும் சேர்க்கும் முன்னரே, மணியின் பங்கை வேறு சட்டிக்கு எடுத்துவிடுகிறார். லீக்ஸ் இலைகள் மூடி போட்ட பசளைக் குழிக்குப் போகின்றன.