பகலில் பார்க்க வேண்டிய ஊர்கள்

விருப்ப ஓய்வுக் கடிதம் மூன்று மாதமாக பீரோவில், அம்மாவின் இன்சூரன்ஸ் பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. எல்லாம் டைப் அடித்தாகிவிட்டது. தேதி மட்டும் போடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பேன், ஏதோ படிக்கப் படிக்க அதில் தேதி தானாக முளைத்துவிடும் என்பதுபோல.

எனக்கு வேலை ஆர்எம்எஸ்ஸில். ரயில்வே மெயில் சர்வீஸ். பெயரைக் கேட்டுவிட்டுப் பாதிப்பேர் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை கன்ஃபர்ம் செய்து தரச் சொல்வார்கள். நான் ரயில்வே இல்லை, தபால் துறை. 1990ல் சேர்ந்தேன். அதில் 14 வருஷம் மங்களூர் மெயிலில் ராத்திரி டூட்டி. மெயில் வேனுக்குள் மஞ்சள் வெளிச்சம், அரக்கு வாசனை, மூட்டை மூட்டையாகப் பைகள். ஷொரணூர் வரைதான் எங்கள் செட். விடியும்போது இறங்கி, அங்கே படுத்துத் தூங்கி, சாயந்திரம் திரும்ப ஏறினால் மறுபடி இருட்டு.

ஆக, அந்தப் பாதை முழுக்க எனக்கு காதால்தான் பழக்கம். ஜோலார்பேட்டை என்றால் டீ. சேலம் என்றால், வீடு இரண்டு கிலோமீட்டரில் இருந்தும் இறங்க முடியாத எரிச்சல். காவிரிப் பாலத்தில் சக்கரத்தின் சத்தம் மாறியதும் ஈரோட்டுப் பைகளைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட வேண்டும். வாளையாறு தாண்டினால் காற்று முகத்தில் அடிப்பதே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் வண்டியிலிருந்து இறக்கி ஆபீசில் சார்ட்டிங்கில், அதாவது கடிதம் பிரிக்கிற வேலையில் போட்டார்கள். அங்கே ஊர்கள் எல்லாம் எண்களாகிவிட்டன. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ல் வந்தது. நான் பிறந்து நாலு வருஷம் கழித்து. 370001 பூஜ். 194101 லே. 629702 கன்யாகுமரி. 172114 என்றால் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு. அங்கே ஹிக்கிம் என்ற கிராமத்தில் 14,567 அடி உயரத்தில் ஒரு தபால் ஆபீஸ் 1983லிருந்து நடக்கிறது. அந்த எண் எழுதிய கடிதம் கைக்கு வந்தால் ஒரு வினாடி கூடுதலாக வைத்துப் பார்ப்பேன். எனக்கு ஊர் சுற்றும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் யூடியூப் பார்த்து வேன் வாங்குகிறார்கள். நான் முகவரி படித்துப் படித்து வாங்கினேன்.

வாங்கியது பழைய மாருதி ஈகோ வேன், 2019 மாடல், ஐந்து சீட். பின் சீட்டை மடக்கி மேலே பலகை போட்டால் ஐந்தே முக்கால் அடிக்குப் படுக்கை. ஆச்சாரியிடம் ஒரே கண்டிஷன்: ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும், அது ஒரு தனி அலைச்சல். கழற்றக்கூடிய பலகை என்றால் அது சாமான்தானே.

சரி, பணக் கணக்குக்கு வருவோம், ஆபீசில் எல்லோரும் கேட்பது இதைத்தான். எனக்கு இந்த ஆகஸ்டில் 58 முடிகிறது. முறைப்படி ஓய்வு 2028 ஆகஸ்ட் 31. இந்த செப்டம்பர் 30ல் போனால் 23 மாதம் முன்கூட்டி. அடிப்படைச் சம்பளம் 60,400. பென்ஷன் பாதி, 30,200. அதில் 40 சதவீதத்தைக் கம்யூட் செய்தால், அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால், கையில் 12 லட்சத்துச் சொச்சம் வரும், மாத பென்ஷன் 18,120 ஆகக் குறையும். ஆனால் அகவிலைப்படியை முழு 30,200க்கும் கணக்குப் போட்டுத் தருவார்கள். இது பல பேருக்குத் தெரியாது. 2025 ஜூலையிலிருந்து கொடுத்த 58 சதவீதத்துக்கு 17,516. ஆக மாதம் 35,600 சொச்சம். கிராஜுவிட்டி பணத்தோடு சேர்த்து 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 41,000. விருப்ப ஓய்வில் போகிறவர்களுக்கு 55 வயதிலேயே அதில் போட வழி இருக்கிறது.

நஷ்டம்? பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் மாதம் 50,000 வித்தியாசம். 23 மாதத்துக்கு 11.5 லட்சம்.

யூனியன் நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். "எட்டாவது கமிஷன் வர்ற நேரத்துல எவனாவது போவானா?" நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது சம்பளக் கமிஷன் போட்டு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கை வர வேண்டும், அதை ஏற்க வேண்டும், அப்புறம் அரியர்ஸ். அதற்குள் இன்னொரு இன்கிரிமென்ட் வரும், அதை ஏன் விட வேண்டும் என்று தோன்றும். ஏழாவது கமிஷனுக்காக ரிட்டயர்மென்ட்டைத் தள்ளிப் போட்டு 60 வரை உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். லடாக் போக புல்லட் வாங்கி வைத்திருந்தார். ஓய்வு பெற்றதும் மகளின் பிரசவம், அது முடிந்து ஹெர்னியா ஆபரேஷன், அது முடிந்து வீடு கட்டும் வேலை. புல்லட் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. போன தடவை போனபோது அதன் சீட்டுக்குக் கீழே கோழி முட்டையிட்டிருந்தது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்.

பதிவுத் தபாலே 2025 அக்டோபர் 1ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. நான் மட்டும் எதற்கு என்று யூனியன் நண்பரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் நான் எக்ஸெலில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மனைவியிடம் ஒரு வார்த்தை முறையாகக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியின் வரைபடத்தை அவள் முன்னால் விரித்தேன். படுக்கை இங்கே, துணிப்பெட்டி இங்கே, பின்கதவைத் தூக்கினால் இழுப்பறை மாதிரி வெளியே வரும் குட்டி சமையலறை, ஒற்றை பர்னர், 5 கிலோ சிலிண்டர். அந்த இழுப்பறை யோசனைக்கு மட்டும் நான் இரண்டு வாரம் செலவழித்திருந்தேன்.

பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"ஏங்க, உங்களுக்கு 36 வருஷ சர்வீஸ். எனக்கு 32. எனக்கு எப்ப விஆர்எஸ்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சமையலறைக்குச் சக்கரம் மாட்டி விட்டா அது ஊர் சுத்துறதா? இதுல அடுப்பு இருந்தா நான் வரல."

அப்புறம் கொச்சியில் டீக்கடை வைத்திருந்த விஜயன்–மோகனா தம்பதியைப் பற்றிச் சொன்னாள். தினமும் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து கடனை அடைத்து, அடுத்த நாட்டுக்குக் கிளம்பியவர்கள். ரஷ்யா போய் வந்த கொஞ்ச நாளில், 2021 நவம்பரில் விஜயன் இறந்துபோனார். "அவங்க ரிட்டயர் ஆகிட்டா போனாங்க? கடையைப் பூட்டிட்டுப் போனாங்க, வந்து திறந்தாங்க. அந்தம்மா போன இடத்துல சமைக்கல." கடைசி வாக்கியத்துக்கு அவளிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் நான் வாதாடவில்லை. இழுப்பறை சமையலறை அன்றோடு போயிற்று.

பொங்கல் முடிந்து 11 நாள் வெள்ளோட்டம் போனோம். எங்கே போகலாம் என்று அவள் கேட்டபோது ஜோலார்பேட்டை என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக மத்தியானத்துக்குள் போய்விட்டோம். ஸ்டேஷன் பக்கம் திரும்பியதும் எதிரே ஏலகிரி. அவ்வளவு பெரிய மலை, நான் 14 வருஷம் டீ குடித்த இடத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. மலை இருப்பது தெரியும், மேப்பில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் என்று தெரியாது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி உள்ளே போய், மெயில் வேன் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன்.

அன்று ராத்திரி நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் படுத்தோம். ஜன்னலுக்கு மனைவி வெல்குரோ வைத்துத் தைத்த கொசுவலை பிரமாதமாக வேலை செய்தது. என் ஏற்பாடுதான் காலை வாரியது. 12 வோல்ட் ஃபேனை வண்டி பேட்டரியிலேயே மாட்டி விடிய விடிய ஓட விட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. நாமக்கல் லாரிக்காரர்கள் மூன்று பேர், பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள், பிரஷை வாயில் வைத்தபடியே தள்ளினார்கள். "ஃபேனுக்குத் தனி பேட்டரி போடுங்க சார்" என்று ஒருவர் நுரையோடு சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து திரும்பி ஈரோடு. இங்கேதான் மனைவிக்குப் பொறுமை போனது. வீட்டிலிருந்து 60 கிலோமீட்டர், பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போய்வருகிற ஊர். ஆனால் பள்ளிபாளையம் பக்கம் ஆற்றங்கரையில் நின்று ரயில் பாலத்தை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் எனக்கு. உள்ளேயிருந்து கேட்ட சத்தம் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு கூட்ஸ் வந்தது. சத்தம் ஒன்றும் விசேஷமில்லை, தூரத்தில் யாரோ தட்டுமுட்டுச் சாமான் உருட்டுவதுபோல. "இதுக்கா?" என்று மேலேயிருந்து கேட்டாள். "கீழே வா, தண்ணிகிட்ட வந்தா நல்லா கேக்கும்" என்றேன்.

படித்துறையில் அவள் இறங்கினாள். நேராக இல்லை, பக்கவாட்டில். வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, அடுத்த படி. பதினைந்து படிக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வாசலில் இருப்பது மொத்தம் இரண்டு படி. அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். தைலம் போட்டா சரியாயிடும்."

ஹிக்கிமுக்கு வண்டி போகும். அது பிரச்சினையில்லை. வண்டியை விட்டு இறங்கி அந்த உயரத்தில் நாலு அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். எக்ஸெலில் அதற்கு ஒரு கட்டம் நான் போட்டிருக்கவில்லை. என் பங்குக்கு இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. எதிரே வரும் ஹெட்லைட் பூசணிப்பூ மாதிரி விரிகிறது. ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வாளையாறு தாண்டும்போதே முடிவாயிற்று.

11 நாளில் 940 கிலோமீட்டர். பெட்ரோல் 6,400, சாப்பாடு 5,900, மூன்று ராத்திரி லாட்ஜ் 4,200. நாளுக்கு 1,500 ரூபாய். மாதம் முழுக்க இப்படி என்றால் 45,000, பென்ஷனைத் தாண்டிவிடும். வருஷம் பூராவும் ரோட்டில் என்ற கனவு இங்கேயே அடிபட்டது. சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டாக் வருஷ பாஸ் வாங்கினால் 200 தடவை, அது பரவாயில்லை. உயிர்வாழ் சான்றுக்கு நவம்பரில் ஊருக்கு ஓடி வர வேண்டியதில்லை, கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும்.

மிச்சமிருந்தது அம்மா. 84 வயசு. தம்பி தர்மபுரியில் இருக்கிறான். அவனிடம் கேட்டபோது பட்டென்று சொன்னான்: "நாப்பது நாள்னா சரிண்ணா. மூணு மாசம்னா எங்க வீட்ல தாங்காது." சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆகவே கணக்கு இப்படி: 40 நாள் ரோடு, 20 நாள் வீடு. வட்டியைச் சேர்த்தால் கட்டுப்படியாகிறது. அம்மாவிடம் சொன்னதும், "அவன் வீட்ல காப்பி தண்ணியா இருக்கும், தூள் வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

முதல் 40 நாள் குளிர்காலத்தில் கொங்கண் வழியாக பூஜ். ஹிக்கிம் அடுத்த ஜூனில், பனி விலகியதும்.

போன வாரம் மனைவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். 54 வயதில் எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "இவருக்குக் கண்ணு தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள். அது கொஞ்சம் அதிகம்.

நேற்று கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தேதிக்கு விட்டிருந்த இடத்தில் பென்சிலில், அவள் கையெழுத்தில், 'செப்டம்பர் 30' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, 'அடுப்பு கிடையாது'. மூன்று மாத நோட்டீஸ் என்பதால் ஜூன் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். வேறு பிரின்ட் எடுக்க வேண்டும்.